விளக்கு வைத்த பின் கரண்டு கொடுக்கலாமா?

1

இந்தக் கதை ஒரு ஓட்டையிலிருந்து வந்தது. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், எனக்கும் வந்தது. கொல்லிமலைக்குப் போகிற பஸ் காளப்பநாயக்கன்பட்டியில் டீக்கு நின்றது. எதிரே ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். நடுச்சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, பீங்கான் குழாய் பதித்த ஓட்டை. கட்டைவிரல் நுழையும் அளவு.

"இது எதுக்குங்க?" என்று கடப்பாறைக்காரரைக் கேட்டேன்.

"கரண்டு போன வழிங்க. வெள்ளைக்காரன் காலத்துல போட்டது. பொழுது உழுந்தா அந்தூட்டுக்காரி இந்தூட்டுக்காரிக்குக் கரண்டு குடுக்க மாட்டாளாமா."

பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப் போய் ஏறிக்கொண்டேன். என் கையில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். மீதி நான் சேர்த்தது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "1944ஆம் வருடம், கொல்லிமலை வாழவந்தி நாட்டில் பனி இறங்கிய ஒரு சாயங்காலம், ராசாமணி தன் வீட்டு பல்பை அண்ணாந்து பார்த்து—"

நிறுத்திவிட்டேன். மலைமேல் அந்தக் காலத்தில் ஏது பல்பு? எனக்கு மலைமேல்தான் கதை எழுத ஆசை. மிளகுக்கொடி, சாமைக்காடு எல்லாவற்றையும் மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். கரண்டே ஏறாத மலையில் கரண்டுச் சண்டையை மட்டும் எப்படி ஏற்றுவது? கதையைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக்கே இறங்கினேன்.

(அந்த வருடத்தில் காளப்பநாயக்கன்பட்டிக்குக் கரண்டு வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மேட்டூரிலிருந்து சுற்றுப்பக்கம் கம்பி போய்க்கொண்டிருந்த காலம். இந்தத் தெருவுக்கு நானே இழுத்துவிட்டேன். கம்பம் நட நான் யாருக்கும் மனுப் போட வேண்டியதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "ஆத்தாயி கெட்டவள்."

இரண்டே சொல். எழுதி அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அடித்துவிட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

3

ஒரே வீடு, அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் வெங்கிடுசாமி, அவர் மனைவி ஆத்தாயி. தம்பி சுப்பண்ணன், அவன் மனைவி ராசாமணி. கரண்டு வந்தபோது அடுப்பு இரண்டானாலும் வீடு ஒன்றாக இருந்தது. மனு அண்ணன் பேரில் போனதால் சுவிட்ச் பலகையும் அண்ணன் இருந்த முன்கட்டில் வந்து உட்கார்ந்தது. பலகையில் இரண்டு கறுப்பு சுவிட்ச். ஒன்று முன்கட்டுக்கு, ஒன்று தம்பியின் பின்கட்டுக்கு.

ஒரு மழைக்காலத்தில் வெங்கிடுசாமி மிளகு வாங்க மலைக்குப் போய், காய்ச்சலோடு இறங்கி வந்து இறந்துபோனார். கருமாதி முடிந்த கையோடு ஆத்தாயி, "நடுவுல செவுரு வெச்சிருங்க" என்றாள். காரணம் சொல்லவில்லை. சுவர் எழுந்தது. கம்பி மட்டும் பீங்கான் குழாய்க்குள் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. மாட்டைப் பங்கு பிரிக்கலாம், கிணற்றுக்கு முறை வைக்கலாம். சுவிட்ச் பலகையை என்ன செய்வது என்று பாகம் பிரிக்க வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு பின்கட்டில் பகல் முழுக்க பல்பு எரிந்தது. சாயங்காலம் தன் கட்டு பல்பைக்கூடப் போடும் முன் ஆத்தாயி சாமி மாடத்தில் விளக்கு வைப்பாள். குழாயைச் சுற்றிய இடுக்கு வழியாக அந்த மஞ்சள் வெளிச்சம் இந்தப் பக்கம் தெரியும். ராசாமணி ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். பத்துக்குள் 'டக்' என்று சத்தம் கேட்கும். பல்பு அணைந்துவிடும்.

பகலெல்லாம் கொடுத்துவிட்டு இருட்டினதும் பிடுங்கிக்கொள்ளும் பக்கத்து வீட்டை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? காரணம் கேட்டால் ஆத்தாயியிடம் ஒரே பதில்தான்.

"வெளக்கு வெச்ச பொறவு யாராச்சும் நெருப்ப வெளிய குடுப்பாங்களா?"*

* விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, நெருப்பு கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள். சந்தேகமிருந்தால் இருட்டின பிறகு பக்கத்து வீட்டில் ஊசி கேட்டுப் பாருங்கள்.

சுப்பண்ணனுக்கு இது வெறும் வீம்பு. ராசாமணிக்கு அப்படிச் சொல்லித் தள்ளிவிட முடியவில்லை. அவளுக்கு நிறைமாதம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி தலைப்பிள்ளை பிறந்தது அந்தப் பின்கட்டு அறையில்தான். சீமெண்ணெய் விளக்கு பாதியில் மங்கிவிட்டது. பிள்ளை அழவே இல்லை. "கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு சாமி. நல்ல வெளிச்சமிருந்தா என்ர கண்ணுல பட்டிருக்கும்" என்று மருத்துவச்சி பாப்பாயி அழுதாள். இப்போது யுத்த காலம். சீமெண்ணெய் ரேஷனில் அரைப் புட்டிதான் வருகிறது. தனியாக ஒரு கனெக்‌ஷன் கேட்டுப் போன சுப்பண்ணனிடம், "யுத்தம் முடியட்டும், கம்பி இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

யுத்தம் முடியும்வரை பிள்ளை காத்திருக்குமா?

4

வயர்மேன் காளியண்ணனைக் கூட்டி வந்தார்கள். (கம்பியைத் திருட்டுத்தனமாக மாற்றிக் கட்டியிருக்கலாமே என்று நினைக்கும் புத்திசாலி வாசகருக்கு: கேட்டார்கள். "ஆத்தா சொல்லாம பலகையத் தொட மாட்டனுங்க" என்றுவிட்டான். நல்லவர்களை வைத்துக்கொண்டு கதை நடத்துவது பெரும் பாடு.)

"ஆத்தா, இது நெருப்பே இல்லீங்க. மேட்டூர்ல தண்ணி உழுவுற வேகத்துல எடுக்கறது. தண்ணி மாதிரிதானுங்க."

ஆத்தாயி யோசித்தாள். தண்ணீர் என்றால் விவகாரமே வேறு. எந்நேரம் வந்து கேட்டாலும் தண்ணீரை இல்லையென்று சொல்லக் கூடாது. எழுந்துபோய், காளியண்ணன் போட்டுக் காட்டிய பல்பை நுனிவிரலால் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"தண்ணி இப்படிச் சுடுமா?"

"செரி, நெருப்புன்னே வெச்சுக்குங்க. வெளக்கு வெக்கறதுக்கு முந்தியே குடுத்துட்டீங்க. அது அங்க போயி எரியுது. பொறவு புதுசா என்னத்தக் குடுக்கறீங்க?"

ராசாமணி சுவருக்கு இந்தப் பக்கம் ஓட்டைக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வாதம். ஆத்தாயியின் முகம்கூட இளகிவிட்டது.

"அப்ப, குடுத்த நெருப்புக் கங்காட்ட அது அங்கயே கெடக்குமா?"

"அதெப்படிங்க கெடக்கும்? ஓடிக்கிட்டே இருக்கோணும். ஓட்டம் நின்னா பல்பு அவ்வளவுதான்."

நுணலும் தன் வாயால் கெடும். தொழில் தெரிந்தவனுக்கு அந்த இடத்தில் ஒரு பொய் சொல்ல வரவில்லை.

"அப்ப நிமிசத்துக்கு நிமிசம் நான் குடுத்துக்கிட்டே இருக்கறேன்" என்று ஆத்தாயி முடித்துவிட்டாள்.

எனக்கு ஆத்தாயியைப் பிடித்துப்போனது இங்கேதான். பல்பு எரிகிறதே என்று பார்த்துவிட்டுப் போகிற நம்மில் எத்தனை பேர் அது எங்கே இருக்கிறது, எப்படி நிற்கிறது என்று கேட்டோம்? ஆனாலும் எழுதுகிறவனுக்குச் சந்தேகம் போகவில்லை. இவள் உண்மையாகவே பயப்படுகிறாளா, இல்லை பழைய பகைக்குச் சாஸ்திரத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறாளா? அதைத் தெரிந்துகொள்ளவே அடுத்த பகுதியை எழுதினேன்.

5

ராசாமணிக்கு ஒரு வழி தோன்றியது. நோயாளிக்கென்று இருட்டின பிறகு மோர் வாங்கப் போகிறவள் வெறும் சொம்போடு போக மாட்டாள். எதையாவது பதிலுக்கு வைத்துவிட்டு வாங்குவாள். குடுத்து வாங்கினால் தோஷமில்லை. அடுப்பிலிருந்து நாலு நெருப்புக் கங்குகளை ஓட்டுத்துண்டில் எடுத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக முன்கட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஏனுங்க்கா, மாத்து நெருப்பு கொண்டாந்திருக்கறேன். நீங்க வெளிச்சம் குடுங்க, நான் தெனமும் கங்கு குடுக்கறேன். அப்பத் தோசமில்லீங்களே?"

ஆத்தாயி பதறி எழுந்தாள். ராசாமணி நினைத்தது போலக் கோபம் இல்லை அது.

"அடிப் பாவி! வவுத்துல புள்ளைய வெச்சுக்கிட்டு நெருப்ப வெளிய குடுக்கறதுக்கா வந்த? எடுத்துக்கிட்டுப் போ. உன்ர அடுப்புலயே கொட்டு."

"அக்கா—"

"நாங் குடுத்துப் பாத்தாச்சு கண்ணு. அன்னைக்கி மழையில உன்ர அடுப்பு நனஞ்சு போச்சுன்னு வெளக்கு வெச்ச பொறவு வந்து கேட்டயே, ஞாபகமிருக்குதா? குடுத்தேன். எட்டாம் நாளு அவரு போயிட்டாரு. உனக்கு அது வேண்டாம்."

ராசாமணி கங்கோடு திரும்பி வந்தாள். அந்த மழை நாள் அவளுக்கு மறந்தே போயிருந்தது. சுவர் தன் மேல் இருந்த கோபம் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தாள். அது பயம் என்று தெரிந்ததும் அவளுக்கு ஆத்தாயி மேல் இருந்த ஆத்திரமெல்லாம் போய்விட்டது. பல்பு பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது.

6

முடிவுகள். முதல் முடிவில் சுப்பண்ணன் கடப்பாறையால் சுவரை இடித்தான். சினிமா மாதிரி இருந்ததால் கிழித்துவிட்டேன். இரண்டாவது முடிவில் பிரசவ வலிச் சத்தம் கேட்டு ஆத்தாயி மனம் மாறி, "மூடநம்பிக்கை ஒழிக" என்கிற பாவனையில் சுவிட்சைப் போட்டாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புருஷனைக் கொன்றது அந்தக் கங்குதான் என்று நம்புகிறவள், ஒரு சாயங்காலத்தில் அதை—

விட்டுவிட்டேன். ராசாமணியின் கூடவே அந்த அறைக்குள் போனேன்.

ஐப்பசி மழை. பிற்பகலில் வலி கண்டது. பாப்பாயி வந்துவிட்டாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வர, ராசாமணியின் கண் ஓட்டையை விட்டு நகரவில்லை. மஞ்சள் தெரிந்தால் பத்து எண்ணுவதற்குள் இருட்டு. ஒரு வலி போனது. இன்னொரு வலி வந்தது. மஞ்சள் தெரியவில்லை.

"அக்கா இன்னும் வெளக்கு வெக்கலீங்களா?"

"இந்நேரம் ஊரே வெச்சிருக்கும். நீ மூச்ச உடு சாமி" என்றாள் பாப்பாயி.

தவளைகள் கத்தத் தொடங்கிவிட்டன. தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டே இருந்தது. ஓட்டை கறுப்பாகவே இருந்தது. அப்போதுதான் ராசாமணிக்குப் புரிந்தது. விளக்கு வைத்த பிறகுதானே கொடுக்கக் கூடாது? ஆத்தாயி விளக்கே வைக்கவில்லை.

வெங்கிடுசாமி இறந்த நாளிலிருந்து ஒரு சாயங்காலம்கூடத் தவறாமல் விளக்கு வைத்தவள். வலியில் வராத அழுகை இப்போது ராசாமணிக்கு வந்தது.

"ஏனுங்க்கா!" சுவரைப் பார்த்துக் கத்தினாள். "ஊட்ட இருட்டுல போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறீங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதட்டல் வந்தது.

"முக்கறத உட்டுப்போட்டு என்னடி பேச்சு? எனக்கு இன்னும் பொழுது உழுவுல."

7

இங்கே நிறுத்தியிருக்கிறேன்.

ராசாமணி வீட்டு வெளிச்சம் அதே இடுக்கு வழியாக ஆத்தாயியின் தரையில் புளியங்கொட்டை அளவுக்கு விழுந்திருக்கும். (ரொம்பச் செய்நேர்த்தியாக இருக்கிறதே என்று இந்த வரியை மூன்று தடவை அடித்தேன். ஓட்டை என்றால் இரண்டு பக்கமும்தான் வெளிச்சம் போகும். நான் என்ன செய்ய?)

நாளைக்கு ஆத்தாயி என்ன செய்வாள், தினமும் வீட்டை இருட்டில் போட முடியுமா என்று கேட்பீர்கள். தெரியாது. ஊருக்கும் இந்தச் சாயங்காலம் நினைவில்லை. கடப்பாறைக்காரர் வரைக்கும் வந்து சேர்ந்தது அவள் கொடுக்காததுதான்.

பாப்பாயி வெளிச்சத்தில் குனிந்திருக்கிறாள். "கொடி..." என்று ஏதோ சொன்னாள். மேலே எழுத எனக்குக் கை வரவில்லை. தெருவுக்கே கரண்டு இழுத்தவன் ஒரு பிள்ளையை அழவைக்க மாட்டேனா? ஒரே வரிதான். ஆனால் தலைப்பிள்ளையையும் நான்தான் இதே கையால் அழவிடாமல் செய்தேன். அதனால் இந்த ஒரு வரியை நீங்கள் எழுதிவிடுங்கள்.

எழுதியதும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுங்கள். ஆத்தாயி தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.