ஊற்றை நிறுத்தியவர்கள்

"உண்மையைச் சொல்லு. ஊத்துத் தண்ணியைத் தொட்டியா?"

மாமியார் தௌலி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். அடுப்பின் மேல் ஒன்றும் இல்லை. வைப்பதற்குத் தண்ணீர் கிடையாது. காலிக் குடம் வாசலோரம் கவிழ்ந்து கிடந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதற்காக வெறும் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

ஜௌகலா மடியில் இருந்த குழந்தையை இன்னொரு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மாமியாரிடம் பொய் சொல்லி அவள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

"தொட்டேன் அத்தே."

"தூரமா இருக்கும்போதா?"

"போகும்போது தெரியல. குடத்தை முக்கும்போதுதான் தெரிஞ்சுது. புள்ள பொறந்தப்புறம் இதுதான் முதல் தடவ. எதிர்பார்க்கல. குடமும் நெறைஞ்சுட்டுது, என்ன பண்றதுன்னு தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன்."

"நேத்து அந்தத் தண்ணியிலதான் கஞ்சி வெச்சியா?"

"ஆமா."

"நான் ரெண்டு கிண்ணம் குடிச்சேன்" என்று தௌலி சொல்லிவிட்டுத் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். விரலெல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. "இப்பவும் அடுப்படியிலதான் உக்காந்திருக்க. ஏன் சொல்லல?"

"தீட்டுக் குடிசையில புள்ளைக்குக் குளிரும்."

வெளியே கோயில் முற்றத்தில் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. சாமியாடி ககனே ஊரைக் கூட்டுகிறான். சிலாகோட் மலைக்கிராமத்துக்கு இருந்த ஒரே ஊற்று அன்று விடியற்காலை நின்றுபோயிருந்தது. எவளோ ஒரு பெண் தீட்டோடு தொட்டுவிட்டாள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. எவள் என்பதுதான் பாக்கி.

உண்மையில் அந்த ஊற்று ஒரே நாளில் நிற்கவில்லை. மூன்று குளிர்காலமாக மேட்டு முகட்டில் பனி விழவில்லை. முன்பெல்லாம் பங்குனிவரை வெளுத்துக் கிடக்கும் முகடு இப்போது தையிலேயே மொட்டையாக நின்றது. ஊற்று முதலில் கல் தொட்டியில் கைத்தடிமனில் விழுந்தது, பிறகு விரல்தடிமனில், பிறகு நூலாக. இதை எல்லோரும் பார்த்தார்கள். டீக்கடையில் தினமும் பேசினார்கள். ஆனால் பனியைப் பிடித்து வந்து ஊர் நடுவில் நிறுத்தி, ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது. மருமகளை நிறுத்திக் கேட்கலாம். ஆகவே எல்லோரும் உற்சாகமாகக் கோயிலுக்குப் போனார்கள்.

முற்றத்தில் வார்டு தலைவர் கர்ணபீர் ரோகாயா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. காரணம் இருந்தது. தீட்டான பெண்களைக் குடிசையில் தள்ளுவது சட்டப்படி குற்றம். சிலாகோட்டின் குடிசைகளை அவர்தான் கடப்பாறை பிடித்து இடித்தார், அதைப் படம் எடுத்தார்கள், கேடயமும் சால்வையும் கொடுத்தார்கள். ஊர் எல்லையில் 'தீட்டுக் குடிசை இல்லாத வார்டு' என்று பலகை நட்டார்கள். அடுத்த மாதமே அதே கற்களை அதே இடத்தில் அடுக்கி அதற்கு ஆட்டுக் கொட்டில் என்று பெயர் வைத்தார்கள். பேருக்கு நாலு ஆடுகளையும் கட்டினார்கள்.

"நான் இங்க எதையும் பார்க்கல, கேக்கல" என்றார் தலைவர் எதிர்மலையிடம். "நீங்க பேசுங்க. சட்டுனு முடிங்க."

ககனேயின் உடம்பு குலுங்கத் தொடங்கியது. தெய்வம் இறங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "தீண்டிட்டா, தீண்டிட்டா" என்றான். பக்கத்து வீட்டு ஹர்கே உடனே எழுந்து, ஜௌகலா ஓடைப்பக்கம் துணி அலசியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். ஓடையும் வற்றிக் கிடக்கிறதே, எதில் அலசினாள் என்று யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பு வந்தது. ஊற்று திரும்பி வரும்வரை ஜௌகலா ஆட்டுக் கொட்டிலில் இருக்க வேண்டும்.

"கைப்புள்ள இருக்கே சாமி" என்றாள் ஒரு பெண்.

"அதுவும் இருக்கட்டும்."

"ஊத்து வரலேன்னா?"

"வர்ற வரைக்கும்."

ஜௌகலா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அந்தக் கொட்டிலுக்குக் கதவு கிடையாது, குனிந்து நுழையும் ஓட்டை மட்டும்தான். உள்ளே நெருப்பு மூட்டினால் புகை, மூட்டாவிட்டால் குளிர். அதில் எதைக் குழந்தைக்குக் கொடுப்பது என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். தான்தான் குற்றவாளி என்று அவளுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

அப்போது தௌலி எழுந்தாள்.

"அவ இல்ல. நான்தான் தொட்டேன்."

ககனேயின் குலுக்கல் சட்டென்று நின்றது. ஒரு கால் மட்டும் விஷயம் தெரியாமல் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

"நீயா? உனக்கு நின்னு போயி எத்தனையோ வருஷமாச்சே."

"நின்னுது. இப்பத் திரும்ப வந்திருச்சு."

"அதெப்படி வரும்?"

"பங்குனியில பூக்கற குராஸ் மரம் தையிலயே செவந்துபோய் நிக்குது. அதைக் கூப்பிட்டு எப்படின்னு கேட்டியா? இந்த ஊருல கொசுன்னா என்னன்னு தெரியாம இருந்தோம், இப்ப ராத்திரியெல்லாம் அறைஞ்சுக்கறோம். பனி வர்ற மாசத்துல தூசி வருது. எல்லாத்துக்கும் பருவம் தப்பிப் போச்சு. எனக்கு மட்டும் தப்பக் கூடாதா?"

பருவம் தப்பிவிட்டது என்பதை மறுக்க அங்கே ஒருவராலும் முடியாது. தினமும் அவர்களே சொல்லிக்கொண்டிருந்த பேச்சு அது.

"பொய் சொல்றா" என்றான் ஹர்கே.

"சந்தேகமா இருந்தா வந்து பாரு."

ஹர்கே தன் செருப்பைப் பார்த்தான்.

இத்தோடு முடிந்திருந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று மாமியாரையும் மருமகளையும் சேர்த்தே கொட்டிலுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் முன் வரிசையிலிருந்து நந்தகலி எழுந்தாள். அவள் சாமியாடியின் மனைவி.

"எனக்கும்தான். நானும்தான் தண்ணி எடுத்தேன்."

"ஏய், உக்காரு" என்றான் ககனே. "நேத்து நீதானே எனக்குச் சோறு போட்ட?"

"போட்டேன். இன்னும் கொஞ்சம் வைன்னு கேட்டு வாங்கில்ல சாப்பிட்டீங்க."

தீட்டுச் சோறு தின்ற உடம்பில் தெய்வம் இறங்காது என்பது ககனேயே வகுத்த விதி. அப்படியானால் இவ்வளவு நேரம் குலுங்கியது யார் என்ற கேள்வி வரும். யாரும் அதைக் கேட்பதற்குள் அவன் கீழே உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. கடைக்காரன் தங்கை எழுந்தாள். தலைவரின் மனைவி எழுந்தாள். தலைவர் முதுகைக் காட்டியபடியே, "யாரது, நம்ம வீட்டுக் குரலாட்டம் இருக்கு" என்றார். ஊன்றுகோல் பிடித்த ஒருத்தி, தனக்கு எட்டு நாளாக நிற்கவேயில்லை என்று பெருமையாகச் சொன்னாள். ஊரில் புடவை கட்டிய எல்லோரும் ஊற்றைத் தொட்டிருந்தார்கள்.

தீர்ப்பை மாற்றினால் தெய்வம் பொய் சொன்னதாகிவிடும். மாற்றாவிட்டால் அத்தனை பேரையும் கொட்டிலில் அடைக்க வேண்டும். கொட்டிலில் மூன்று பேர் உட்காரலாம், அதுவும் ஆடுகள் எழுந்து நின்றால். ஆண்கள் மதியம்வரை கூடிப் பேசி, எல்லாப் பெண்களையும் மேட்டு மேய்ச்சல்வெளிக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அங்கே இடையர்கள் கோடையில் தங்கும் கல்வீடுகள் காலியாகக் கிடந்தன. கதவு உண்டு, புகைபோக்கி உண்டு. ஜௌகலாவுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்து மறைத்துக்கொண்டாள்.

மேலே போனதும் ஒரு சிக்கல். தீட்டுக்காரிகள் ஊர்த் தண்ணீரைத் தொடக் கூடாது. மலை மடிப்பில் ஒதுங்கிக் கசியும் தண்ணீர்கூட யாரோ ஒரு தெய்வத்துக்குச் சொந்தம். ஆகவே சொந்தத் தண்ணீருக்குத் தாங்களே வழி தேட வேண்டியதாயிற்று. மேய்ச்சல்வெளி நடுவில் முன்பு எருமைகள் புரண்ட குட்டை ஒன்று மண் மூடிக் கிடந்தது. புல் குறைந்து எருமைகளை விற்றபின் அதை யாரும் சீந்தவில்லை. அதுவரை கசிவுத் தண்ணீரைத் தெய்வம் பார்க்காத நேரத்தில் மொண்டு குடித்தபடி, மழை வந்தால் தேங்குமே என்று பெண்கள் அதைத் தோண்ட ஆரம்பித்தார்கள்.

மண்ணை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த ஜௌகலா ஒருநாள் கேட்டாள். "அத்தே, நெசமாவே நாந்தான் ஊத்தை நிறுத்திட்டேனா?"

தௌலி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"என் பொண்ணு பதுலி அந்தக் குடிசையிலதான் புகையில மூச்சடைச்சுச் செத்தா. நானேதான் கொண்டுபோய் விட்டேன். குளிருதுன்னா, நாலு நாள்தானேடின்னு சொல்லிட்டு வந்தேன். அவளைத் தூக்கிட்டு வந்தப்ப அந்த ஊத்து நெறைஞ்சு ஓடிட்டிருந்துச்சு. ஒரு பொண்ணு செத்தாளேன்னு ஒரு நாளாவது நின்னுச்சா? அன்னிக்கு நிக்காதது, நீ குடத்தை முக்கினதுக்கு நிக்கப் போகுதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கையெல்லாம் மண்ணாக இருந்தது. ஜௌகலா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மாமியாரின் மேல் அதுவரை இருந்த பயமும் அத்தோடு போயிற்று.

கீழே ஊர் படாத பாடு பட்டது. ஆண்கள் பள்ளத்து ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். பெண்கள் இத்தனை வருஷமாகச் சுமந்த குடம் இவ்வளவு கனமா என்று ஹர்கே குடத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். ககனே கேழ்வரகு ரொட்டி சுட்டான். அதை ஆடுகளும் தொடவில்லை. ஒருநாள் மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் பெண்கள் முன்னேற்றத்தைப் பார்வையிட வந்தார்கள். ஊரில் ஒரு பெண்கூட இல்லை.

"எல்லாரும் பயிற்சிக்குப் போயிருக்காங்க" என்றார் தலைவர்.

"எல்லாருமா?"

"எங்க வார்டுல அப்படித்தான் சார். ஒருத்தரையும் விட்டுவைக்கறதில்ல."

அதிகாரிகள் மகிழ்ந்து போய்விட்டார்கள்.

பிறகு, வரவேண்டிய பனிக்குப் பதிலாக, வரக்கூடாத நேரத்தில் ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டியது. குட்டை நிரம்பியது. மறுநாள் பார்த்தால் பாதி இல்லை. மறுபடியும் மழை, மறுபடியும் நிரம்பியது, மறுபடியும் வடிந்தது. "ஓட்டைச் சட்டியைத் தோண்டியிருக்கோம்" என்று நந்தகலி திட்டினாள். தௌலி மட்டும் குட்டையைப் பார்க்காமல் சரிவுக்குக் கீழே, ஊர் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எருமைகள் இந்தக் குட்டையில் புரண்ட காலத்தில் கீழே ஊற்று எப்படி ஓடியது என்று அவளுக்கு நினைவு வந்தது, வடிகிற தண்ணீர் எங்கே போகிறது என்பதும் புரிந்தது. "இன்னொரு குழி வெட்டுவோம்" என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கீழே போய்ச் சமைப்பதைவிடக் குழி வெட்டுவது பரவாயில்லை என்று எல்லோருக்கும் தோன்றியிருந்தது.

சில நாளில் கீழே ஊற்று நூலாக எட்டிப் பார்த்தது, பிறகு விரல்தடிமனாக விழுந்தது.

ஊர் ஊற்றடியில் கூடிற்று. பெண்களைக் கீழே அழைத்து வந்து, கோமியம் தெளித்து, எல்லோரும் சுத்தம் என்று அறிவித்தார்கள். ககனேயின் உடம்பில் தெய்வம் திரும்பி வந்தது. "பார்த்தீங்களா? பொம்பளைங்க ஊரை விட்டுப் போனாங்க, தண்ணி வந்துச்சு. இனிமே வருஷா வருஷம் அனுப்பணும்."

"நல்ல யோசனை" என்றார் தலைவர், இந்தத் தடவை கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தபடி. "பெண்கள் மலை முகாம்னு பேர் வெச்சிரலாம்."

மேலே என்ன செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நந்தகலி குட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். தெய்வம் பேசும்போது குறுக்கே பேசாதே என்று கணவன் அதட்டினான்.

முதல் தண்ணீரைச் சாமி குடிக்க வேண்டும். மன்னிக்கப்பட்டவள் கையால் வாங்கிக் குடித்தால் விசேஷம் என்று ககனே, ஜௌகலாவைக் கூப்பிட்டான். அவள் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஊற்றின் கல் தொட்டியில் இரண்டு கைகளையும் முழங்கைவரை விட்டுச் செம்பை நிரப்பினாள். ககனே அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தான். மிச்சத்தைத் தலைவர் குடித்தார். ஹர்கே கையேந்தி வாங்கித் தலையிலும் தெளித்துக்கொண்டான்.

"எப்படி இருக்கு சாமி?" என்று ஜௌகலா கேட்டாள்.

"அமிர்தம்."

"இன்னிக்கு எனக்கு ரெண்டாம் நாள்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அங்கே கேட்காதவர் யாரும் இல்லை. ககனே தொண்டையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவனும் தலைவரும் ஹர்கேயும், ஊரின் மற்ற ஆண்களும், ஒரே சமயத்தில் ஊற்றுப் பக்கம் திரும்பினார்கள்.

ஊற்று விழுந்துகொண்டிருந்தது.

நிற்கத்தான் வேண்டும், எந்த நிமிஷமும் நின்றுவிடும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். தலைவர் நாற்காலியை ஊற்றருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஹர்கே ஒரு விரலை நீட்டி, குறைகிறதா என்று பார்த்தான். வெயில் எதிர்மலைக்கு ஏறிவிட்டது. ஊற்று அதே தடிமனில் விழுந்துகொண்டிருந்தது. அது நிற்க வேண்டுமென்று அத்தனை ஆண்களும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். தௌலி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, சாமியாடியின் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் நகர்ந்து நின்னு பாருங்க. அடுப்புல உலை வைக்கணும்."