கடைசிப் படம் முதலிலேயே வரைந்தாயிற்று

தோக்கியோவின் மேற்கோரத்தில், முள்ளங்கித் தோட்டத்தை ஒட்டிய ஒரு மாடியில் எங்கள் அனிமே ஸ்டுடியோ இருந்தது. அங்கே நான் இடைப்படக்காரன். ஓர் அசைவின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பெரிய ஓவியர் வரைந்து கொடுத்துவிடுவார். நடுவில் வருவதை நான் நிரப்ப வேண்டும். அவர் வரைந்த இரண்டின் மேலும் என் ரப்பர் படக் கூடாது. அது தொழிலின் சட்டம்.

அந்த வருஷம் போர்க்காலத் தொடர் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தோம். கதாநாயகர் இசுருகி முனேதகா, அப்பா செத்ததால் இருபத்திரண்டு வயதில் கோட்டைத் தலைவரானவர். தம்பி கிகுனோசுகே எதிரியோடு ரகசியமாகப் பேசினான் என்று மந்திரிமார் பழி சுமத்தியிருந்தார்கள். தம்பி வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டும் என்ற ஆணையில் அண்ணன் தன் கைக்குறியை, அதாவது தூரிகையால் போடும் கையெழுத்தை, இட வேண்டும். அதுதான் காட்சி. முதல் படத்தில் முனேதகா தூரிகையை எடுக்கிறார். கடைசிப் படத்தில் ஆணையின் கீழே கைக்குறி விழுந்திருக்கிறது.

டைரக்டர் ஹிருகாவா என் மேசைக்கு வந்தார். "இவன் ஏன் தம்பியைக் கொல்றான்னு ஜனங்களுக்குப் புரியணும், குராமோச்சி. பதவி ஆசை! கண்ணுல ஒரு மின்னல் வேணும், மின்னல்!" என்று தன் கண்ணையே உருட்டிக் காட்டினார். மின்னல் ஒன்றும் தெரியவில்லை. கோழி முழிப்பது போல இருந்தது.

அவர் போனதும் முனேதகாவின் தாளிலிருந்து குரல் வந்தது. "ஆசையாம்ல? அந்த ஆளு என்னிக்காவது இந்தக் கவசத்தைப் போட்டுப் பார்த்திருக்காரா?"

நான் பதறவில்லை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் பகல் முழுக்கக் கிடந்தால் தாளுக்குச் சூடேறும், சூடேறினால் பேசும். பெரும்பாலும் குதிரைகள்தான் பேசும், கால் வரைந்தது சரியில்லை என்று.

"பின்ன எதுக்குய்யா கொல்றீங்க?" என்றேன், சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி.

"பயம். நான் மன்னிச்சா மந்திரிங்க படையைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. கோட்டையில ஆள் இல்லேன்னு தெரிஞ்சா பக்கத்து நாட்டுக்காரன் ஊரையே கொளுத்திடுவான். கைக்குறி போட்டா ஒருத்தன். போடலேன்னா ஊரு."

"அப்ப போட்டுடுங்க."

"உங்களுக்குத் தம்பி உண்டா, அண்ணே?"

"இருக்கான். ஒசாகாவுல பல் டாக்டர்."

"அவரைக் கொல்லணும்னு தோணியிருக்கா?"

"பல்லைப் புடுங்கினப்ப ஒரு தடவை."

சிரித்தார். கவசத்தின் தகடுகள் குலுங்கின. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா போனதுலேர்ந்து எல்லாரும் என்னைப் பிரபுங்கறாங்க. பாலூட்டின செவிலியம்மாகூடப் பிரபுங்கறா. அண்ணான்னு கூப்பிடறவன் அவன் ஒருத்தன்தான். நடுவுல எதையாவது பண்ணுங்களேன், அண்ணே. பலமா ஒரு காத்து அடிக்கட்டும். ஆணை பறந்து போகட்டும்."

"கடைசிப் படத்துல ஆணை மேசைமேலயே இருக்கே, ஐயா."

"என் கைக்குறியோடயா?"

தாளை எடுத்து அவர் முன்னால் பிடித்தேன். உற்றுப் பார்த்தார். "என்னோடதுதான். எப்பப் போட்டேன்?"

"இன்னும் போடல. ஆனா போட்டாச்சு."

"நாடே என் பேச்சைக் கேக்குதுங்கறாங்க. ஒரு தாள் கேக்க மாட்டேங்குது."

உப்பில் ஊறிய உமே பழத்தை வாயில் அதக்கிக்கொண்டேன். "நடுவுல வர்றது உங்களோடது. அதுல என்ன வேணா பண்ணிக்கங்க. நான் குறுக்க வரல."

பென்சிலைத் தாளில் வைத்தது நான், இழுத்தது அவர். தூரிகை மையைத் தொட்டது. ஒரு சொட்டு ஆணையில் விழப் பார்த்தது, உள்ளங்கையால் தாங்கிக்கொண்டார். அப்புறம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கஷாயம் குடிக்க மாட்டேன் என்கிற பிள்ளையைப் போல, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அதற்கு அடுத்தது கடைசிப் படம்.

சாயங்காலம் ஹிருகாவா வந்து தாள்கட்டை எடுத்து விரலால் சரசரவென்று புரட்டினார். "நல்லா வந்திருக்கே."

"போட மாட்டேன்னு தூரிகையைக் கீழ வெச்சிட்டாரு, சார்."

"யாரு?" மறுபடி புரட்டினார். "எங்கய்யா? கை அசையுது, குறி விழுது. அவ்வளவுதான் தெரியுது. அது கிடக்கட்டும், மின்னல் எங்க?"

பென்சிலைப் பிடுங்கி, கடைசிப் படத்தில் முனேதகாவின் இரண்டு கண்ணிலும் மினுக்கம் வைத்தார். டைரக்டருக்கு அந்தச் சட்டம் கிடையாது. அந்த முகத்தைப் பார்த்தால் தம்பியை மட்டுமல்ல, தாயையும் விற்றுவிடுவார் போலிருந்தது.

ஹிருகாவா போனதும் தாளை விளக்கின் மேலேயே வைத்திருந்தேன். நன்றாகச் சூடேறி ஓரம் பழுத்துவிட்டது. முனேதகா பேசவில்லை. பிறகு வந்த எந்தத் தாளிலும் பேசவில்லை.

தொடர் ஒளிபரப்பானது. அவர் மறுத்தது திரையில் இருக்கத்தான் செய்கிறது. கண் சிமிட்டாமல் பார்த்தால் தெரியும். சிமிட்டினால் போயிற்று. மறுநாள் டோஃபு விற்கிறவர், "பதவிக்காகத் தம்பியையே முழுங்கறான் பாருங்க, பாவி," என்றார். நான் டோஃபுவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரத்துத் தாள்கட்டில் கிகுனோசுகே வந்தான். சாவுக்கு உடுத்துகிற உடை வெள்ளை, தாளும் வெள்ளை. வண்ணம் தீட்டுகிற பெண்களுக்கு வேலை மிச்சம். முதல் படத்தில் மண்டியிட்டிருந்தான். வயிறு கிழிந்ததும் கழுத்தை வெட்டிவிட, பின்னால் வாளோடு ஒருவன் நின்றான். கடைசிப் படத்தை நான் கவிழ்த்து வைத்திருந்தேன்.

தாளில் சூடேறியதும் கேட்டான். "ஐயா, அண்ணா போட மாட்டேன்னு தூரிகையைக் கீழ வெச்சாராமே. குதிரைங்க பேசிக்கிச்சு. நிஜமா?"

"நிஜம்தான் தம்பி. கண்ணால பார்த்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரம்," என்றேன்.

"அப்பச் சரி," என்று சொல்லி, உடையின் கழுத்தோரத்தை வாள்காரனுக்குத் தோதாகப் பின்னால் தளர்த்திவிட்டுக் குனிந்துகொண்டான்.

நான் பென்சிலைச் சீவினேன்.