அன்புராசா சுருட்டிய தோட்டாக்களின் சத்தம்

1992ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து அன்புராசா சுருட்டிய தோட்டாக்கள் ரொறன்ரோவில் சத்தம் போடவில்லை. நெருப்பு வந்தது, வெள்ளைப் புகை கட்டியாக வந்தது, சுட்டவரின் மணிக்கட்டு உதறியது, எதிரே நட்ட பலகையில் ஓட்டையும் விழுந்தது. சத்தம் மட்டும் அதே நொடியில் யாழ்ப்பாணத்து இணுவிலில், அவருடைய அக்கா அருள்நாயகியின் வளவில், கிணற்றுக்கு மேலே ஒரு பனை உயரத்தில் கேட்டது. இங்கே காலை பத்து மணியென்றால் அங்கே இரவு ஏழரை மணி.

வேலை கிடைத்த கதையில் அதிசயம் ஒன்றுமில்லை. ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் ஒரு பிளாசாவின் பின்பக்கம், வீடியோக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில், சீமோன் என்பவர் உரிமமெல்லாம் எடுத்துக் கடதாசித் தோட்டா செய்து விற்றார். வாங்கியவர்கள் ஒரு கழகத்து வெள்ளைக்காரர்கள். றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே ஒரு பண்ணையில் ஞாயிறு தோறும் நூற்றுமுப்பது வருடத்துக்கு முந்திய உடுப்புப் போட்டு, அந்தக் காலத்து ரிவோல்வரால் பலகையைச் சுட்டு, மாறி மாறிச் செத்து விழுவதுபோல நடித்து, பிறகு எழும்பி வீட்டுக்குப் போவார்கள். ஊரில் சண்டை இல்லாதவர்களுக்கு அப்படியும் ஓர் ஆசை வரும்போலும். அந்தத் துப்பாக்கிக்குப் பித்தளைக் கோது கிடையாது. மெல்லிய தாளை ஒரு மரக்குச்சியில் சுற்றிக் குழாயாக்கி, கறுப்பு வெடிமருந்தை அளந்து கொட்டி, ஈயக்குண்டைக் குழாயின் வாயில் வைத்து ஒட்ட வேண்டும். சுடும்போது தாளும் சேர்ந்து எரிந்துவிடும். அன்புராசா இணுவிலில் பதினெட்டு வருடம் சுருட்டுச் சுற்றியவர். சீமோன் குச்சியைக் கொடுத்ததும் அவருடைய விரல்கள் தாங்களாகவே ஓடின. ஆனால் சுருட்டின் நுனியை நாக்கில் தொட்டு ஒட்டுகிற பழக்கமும் கூடவே வந்தது. பசை இருக்கிறதே என்று சீமோன் பலதடவை சொல்லிப் பார்த்தார். பழகிய நாக்கு கேட்கவில்லை. சீமோனே சுற்றிய தோட்டாக்கள் வழக்கம்போல இங்கேயே வெடித்தன, ஆகையால் காரணம் அந்த எச்சில்தான் என்று பிற்பாடு முடிவானது.

சத்தமில்லாத தோட்டாவைக் கழகத்தார் முதலில் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் இப்போதுதான் தன் மாடுகள் ஒழுங்காகப் பால் தருகின்றன என்று வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனதும் மனம் மாறி, இரண்டு மடங்காக ஓடர் கொடுத்தார்கள்.

ஆகஸ்டில் அக்காவின் கடிதம் வந்தது. அந்த நாளில் யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லை. கடிதம் கொழும்பு சுற்றி வர ஆறேழு கிழமை பிடிக்கும். ஞாயிறு இரவு ஏழரைக்கு வெடிச் சத்தம் கேட்கிறது, ஒன்றும் விழவில்லை, ஒருவருக்கும் காயமில்லை, ஆனாலும் பதுங்குகுழிப் பங்கருக்குள் இறங்காமல் இருக்க முடியுமா என்று எழுதியிருந்தாள். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. பக்கத்து வீட்டுத் தங்கேஸ்வரிதான் கையைப் பிடித்து இறக்குவாள். இரண்டு தரம் வழுக்கி விழுந்து இடுப்பும் பிசகிவிட்டதாம். அன்புராசா கலண்டரை எடுத்து வைத்துத் திகதிகளைப் பார்த்தார். மழை பெய்து கழகத்தார் சுடாத ஞாயிறு, அங்கேயும் சத்தமில்லாத ஞாயிறாக இருந்தது.

மனைவி ரதியிடம் சொன்னார். அவள் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை.

"சத்தம்தானே போகுது, குண்டு போகேல்லைத்தானே. வேலையை விட்டிட்டு என்ன செய்யப் போறியள்? அக்காவுக்கு விளங்கப்படுத்தி எழுதுங்கோ."

அவரும் எழுதினார். ஞாயிறு ஏழரையிலிருந்து எட்டு மணிவரை கேட்பது என் சத்தம். பயப்படவும் வேண்டாம், பங்கருக்குள் இறங்கவும் வேண்டாம். காலை நீட்டிக்கொண்டு பேசாமல் இரு என்று எழுதினார். முழங்கால் நோகிற ஒரு அக்காவுக்கு ஒரு தம்பி வேறு எதை எழுதுவான்?

அதற்குப் பிறகு வந்த ஒரு வருடம்தான் அவர் கனடாவில் சந்தோஷமாக இருந்த வருடம். அருள்நாயகி ஞாயிற்றுக்கிழமைகளில் கதிரையை முற்றத்தில் போட்டு உட்கார்ந்தாள். தங்கேஸ்வரியும் வந்தாள், பிறகு ஒழுங்கைச் சனம் முழுக்க வந்தது. ஊரே வெடிச் சத்தத்துக்கு நிலத்துக்குள் போய்க்கொண்டிருந்த காலத்தில் அந்த ஒரு முற்றத்தில் மட்டும் சனம் வெளியே வந்து உட்கார்ந்தது. "தம்பி வேலை செய்யிறான்" என்று அவள் எல்லோருக்கும் சொன்னாள். போன கிழமை குறைவாகக் கேட்டதே, காய்ச்சலா, பனிக்குள் திரியாதே என்று எழுதினாள். உறைபனிக் காலத்தில் கழகத்தார் சுடாமல் விட்ட மாதங்களில், நீ உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டாள். போன் இல்லாத குறை அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தோட்டாவையும் அக்காவின் கையில் கொடுப்பதாக நினைத்தே சுற்றினார், முன்னையைவிட இறுக்கமாகச் சுற்றினார்.

1993 செப்டம்பரில் ஒரு ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை. கழகத்தார் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. கொட்டகைக்குள் இருந்து அவித்த சோளம் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். மில்லிக்கனில் அன்புராசா ஜன்னலால் மழையைப் பார்த்தார். இன்றைக்கு ஏன் சத்தமில்லை என்று அக்கா கேட்டு எழுதப் போகிறாள் என்பதுதான் அவருக்கு வந்த ஒரே யோசனை.

ஏழாம் கிழமை வந்த கடிதத்தின் உறையில் தங்கேஸ்வரியின் எழுத்து இருந்தது. அந்த ஞாயிறும் ஏழரை மணிக்கே முதலாவது சத்தம் கேட்டது, தெற்குப் பக்கமாகத் தூரத்தில். "தம்பி தொடங்கிட்டான், இண்டைக்கு நல்ல உரமாய்க் கேக்குது" என்று அக்கா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துவா என்றாள். தங்கேஸ்வரி குசினிக்குள் போன நேரத்தில் ஆமியின் இரண்டாவது ஷெல் கிணற்றடியில் விழுந்தது. அக்காவோடு சேர்த்து மூன்று பேர் செத்துப்போனார்கள். அவள் கதிரையிலிருந்து எழும்பவும் பார்க்கவில்லை, அண்ணை, என்று முடித்திருந்தாள்.

இறங்காதே என்று எழுதியவன் நான் என்று அன்புராசா சொல்லிச் சொல்லி அழுதார். செத்த வீடும் முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, ஊரில் எல்லாம் ஆறிய பிறகு வந்த செய்திக்கு இங்கே தனியாகத் தலையில் தண்ணீர் வார்த்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் போரைத் திட்டினார்கள், ஷெல்லைத் திட்டினார்கள். அவரைத் திட்டினால் நன்றாயிருக்கும் என்று அவர் காத்திருந்தார். ஒருவரும் திட்டவில்லை. அது அவருக்கு இன்னும் பாரமாக இருந்தது.

அடுத்த நாளே வேலையை விட்டார். பிறகு சீமோனைக் கூட்டிக்கொண்டு கழகத்துக்குப் போய், விற்ற தோட்டாக்களைத் திருப்பித் தரும்படி கேட்டார். கழகத்துச் செயலாளர் மரியாதையான மனிதர்; கோப்பி கொடுத்து, கடைசிவரை கேட்டு, அந்த மாடுகளை நினைத்துப் பார்க்கும்படி சொல்லி மறுத்துவிட்டார். அலுமாரியைத் திறந்தும் காட்டினார். பதினோராயிரம் தோட்டா இருந்தது.

திரும்பும் வழியில், "இது பத்து வருஷத்துக்குக் காணும்" என்றார் சீமோன்.

அவர் தங்கேஸ்வரிக்கு எழுதினார். நான் சுற்றுவதை விட்டுவிட்டேன், இருப்பதை அவர்கள் சுட்டு முடிப்பார்கள், எந்தெந்த ஞாயிறு என்று விசாரித்து முன்கூட்டியே அறிவிக்கிறேன் என்று எழுதினார். வந்த பதில் ஒரு பக்கம்கூட இல்லை.

"அண்ணை, இனி நாளும் எழுத வேண்டாம், நேரமும் எழுத வேண்டாம். உங்கடை சத்தத்துக்கும் ஓடுறம், ஆமியின்ரை சத்தத்துக்கும் ஓடுறம். அதுதான் நல்லது."

அடுத்த வசந்தம் கழகத்தார் மறுபடி சுடத் தொடங்கிய முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு அன்புராசா தான் வாடகைக்கு இருந்த வீட்டின் நிலத்தடி பேஸ்மென்ற்றுக்கு இறங்கினார். உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் குந்தி, தலையை முழங்காலுக்குள் வைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அரைமணி நேரம் இருந்தார். அவர்கள் அங்கே ஓடுகிற நேரம் தான் மேலே கதிரையில் இருக்கக் கூடாது என்று நினைத்தார். அந்த வீட்டில் குடியிருந்த மற்றவர்கள் அவர் காலைத் தாண்டிப் போய் மெஷினில் உடுப்புப் போட்டார்கள். சில மாதத்தில் பத்து மணிக்கு முன்னரே தோய்த்து முடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

1995 ஒக்ரோபர் முடிவில், ஆமி முன்னேறி வந்ததில், இணுவிலும் அதைச் சுற்றியிருந்த ஊர்களும் ஒரே இரவில் வெறுமையாயின. சனம் பாலம் கடந்து கிழக்கே தென்மராட்சிக்குப் போனது. தங்கேஸ்வரியும் போனாள், எங்கே என்று தெரியவில்லை. மில்லிக்கனில் எல்லாத் தமிழ் வீட்டிலும் அந்தப் பேச்சுத்தான். அந்த ஞாயிறு ரொறன்ரோவில் வெயில் எறித்தது. குளிருக்கு முன் கடைசி ஆட்டம் என்று கழகத்தார் நிறையச் சுடுவதாக இருந்தார்கள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க அன்புராசா படியில் கால் வைத்தார்.

"அங்க இப்ப ஒருத்தரும் இல்லையே" என்றாள் ரதி. "ஆருக்காக இறங்கிறியள்?"

"சத்தம் போகும்தானே" என்றார் அவர். "ஒருத்தராவது ஓட வேணும்."

ரதி அடுப்பை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் இறங்கினாள்.