துரையின் இடது காது

"எப்பலேர்ந்து இப்படிக் காதைச் சொறியறான்?" என்று நாய் டாக்டரம்மா கேட்டபோது, "நேத்துலேர்ந்துதான்" என்று வாத்தியார் வாய் கூசாமல் சொன்னார். வகுப்பில் பிள்ளைகளின் பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிறவர் என்று அவருக்குப் பெயர். துரையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது.

மழைக்காலம் முழுக்கத் துரை தலையை உதறிக்கொண்டுதான் இருந்தான். அதைப் பார்த்துப் பயந்துதான் அவனுக்கு இன்சூரன்ஸே எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்பே வந்த நோய்க்குக் கம்பெனி தராது என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் இந்த 'நேத்து'. ஊரில் இப்படிப் பொய் யார்தான் சொல்லவில்லை, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மனைவி துரையின் காதைத் துடைத்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்தை விடும்போதெல்லாம் துரை அலறினான். சோபாவைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியவன்போல் படுத்திருப்பவன், கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டான். மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மயக்க ஊசி போட்டு இடது காதுக்குள் பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மாவின் முகம் வாடியிருந்தது. செவிப்பறை கிழிந்திருக்கிறது, நாள்பட்ட சீழ் என்றார். கிழிந்த காதில் அந்த மருந்தை விட்டிருக்கவே கூடாதாம், உள்ளே இறங்கினால் கேட்கும் சக்தியையே கெடுத்துவிடுமாம். அன்றைக்கு வீங்கி அடைத்திருந்ததால் உள்ளே தெரியவில்லை, புதுசு என்று நம்பிவிட்டாராம்.

"மன்னிச்சிடுங்க சார். நான்தான் இன்னும் கவனமா இருந்திருக்கணும்."

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது வாத்தியாருக்கு. அதே நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. முதல் தடவைச் செலவைக் கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டது. வெட்கத்தில் அவருக்குக் காதுமடல் சுட்டது. மனைவி பக்கம் திரும்பவே துணிவில்லை.

"நேத்துன்னு சொன்னது பொய், டாக்டர். மழைக்காலத்துலேர்ந்தே இருக்கு. இன்சூரன்ஸுக்காகச் சொன்னேன்."

டாக்டரம்மா கையுறையை மெதுவாகக் கழற்றினார்.

"கம்பெனிக்குச் சொல்ற பொய்யை எனக்கு ஏன் சார் சொன்னீங்க?"

அந்தக் காது இனிக் கேட்குமா என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்று மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

மாலையில் துரை சோபாவுக்குத் திரும்பியிருந்தான், வலது காது மெத்தையில் அழுந்த. வாத்தியார் பின்னால் நின்று கூப்பிட்டார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். சமையலறையில் குழாய் நின்றது.

அவர் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். கூப்பிடுவதற்குள் அவரைப் பார்த்துவிட்ட துரை, எப்போதும்போல் வாலால் சோபாவைப் படபடவென்று தட்டினான்.