ஃபார்மட் போடாத சனிக்கிழமை

செஞ்சிக் கடைத்தெருவில் என்னை ஃபார்மட் விநாயகம் என்றுதான் சொல்வார்கள். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலும் ஃபார்மட், வைரஸ் வந்தாலும் ஃபார்மட். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தால் தலைவலி அன்றோடு விட்டது. பதினெட்டு வருஷமாக இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

சனிக்கிழமை காலையில் ஜெயசுதா ஆட்டோவில் ஒரு சிபியுவை ஏற்றிக்கொண்டு வந்தாள். சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே பத்திரம் எழுதும் கோவிந்தராஜிடம் டைப் அடிக்கிற பெண். பிறவியிலேயே கண் தெரியாது. அடிக்கிற ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் காதில் வாசித்துக் காட்டும். கேட்டுக்கொண்டே கடகடவென்று அடிப்பாள். அன்று அமாவாசை வேறு. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நசுங்கி, அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கி ஆட்டோ பிடித்தாளாம்.

திறந்து பார்த்தேன். மதர்போர்டு செத்திருந்தது. போர்டை மாற்றி ஃபார்மட் போட்டுவிடலாம் என்றேன். அவள் முகமே மாறிவிட்டது.

"ஃபார்மட் மட்டும் வேணாம்ணே. அதுல இருக்கிற குரல் போய்டும்."

அந்தத் தமிழ்க் குரலை ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் ஏற்றிக் கொடுத்தார்களாம். மையத்தை மூடி நாலு வருஷம் ஆகிறது. சிடி கிடையாது, போய்க் கேட்க ஆளும் கிடையாது. திங்கட்கிழமை முகூர்த்த நாள், பதினேழு பத்திரம் காத்திருக்கிறது. அதற்குள் ஆகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கோவிந்தராஜ் கறாராகச் சொல்லிவிட்டாராம். குரல் போனால் அவள் வேலையும் போச்சு.

அதே மாடல் போர்டு எங்கேயும் கிடைக்கவில்லை. விழுப்புரத்துக்கு போன் போட்டுக் கெஞ்சியதில், வேறு கம்பெனி போர்டு ஒன்றை பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். அதைப் பொருத்தி, அவளுடைய பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே மாட்டினேன். ஆன் செய்ததும் ஸ்கிரீன் நீலமாகி நின்றது. பழைய போர்டு டிஸ்க்கை எந்த முறையில் படித்திருக்கும் என்று யூகித்து, அதே முறையைப் புது போர்டின் செட்டிங்கிலும் வைத்தேன். விண்டோஸ் படம் வந்தது. வட்டம் சுற்றியது. அப்புறம் ஸ்கிரீன் கறுத்துப்போனது.

அணைத்துப் போட்டேன். மறுபடியும் படம், வட்டம், கறுப்பு. நாலு தடவை பார்த்தாயிற்று. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தப் போர்டைத் தூக்கி ரோட்டில் எறிந்திருப்பேன். ஸ்டூலில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஃபார்மட் பென்டிரைவை எடுத்துச் சொருகினேன்.

"முடிஞ்ச வரைக்கும் பாத்துட்டேம்மா. வேற வழியில்ல. படம் வருது, உடனே ஸ்கிரீன் கறுப்பா ஆய்டுது."

"படம் வந்துட்டு அப்புறமா கறுப்பாவுது?"

ஆமாம் என்றேன். சட்டென்று எழுந்து, பைக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு யுஎஸ்பி ஹெட்போனை எடுத்து நீட்டினாள். இருக்கிற கடுப்பில் இது வேறா என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு அதைச் சொருகினேன். ஹெட்போனைக் காதில் மாட்டி, கீபோர்டில் ஏதோ இரண்டு தட்டுத் தட்டினாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"பேசுதுண்ணே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்கிரீன் அப்போதும் கறுப்பாகத்தான் இருந்தது. அவளே சொன்னாள். பத்திரம் எழுத வருகிறவர்கள் அடுத்தவர் சொத்து விவரத்தை எட்டி எட்டிப் பார்க்கிறார்களாம். அதனால் கம்ப்யூட்டர் பேச ஆரம்பித்ததும் ஸ்கிரீன் தானாகக் கறுக்கும்படி வைத்திருக்கிறாளாம். அவளுக்கு எதற்கு ஸ்கிரீன்?

"இத முன்னாடியே இன்னான்னு சொல்லக் கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லியேண்ணே."

நாலு தடவையும் கம்ப்யூட்டர் நல்லபடியாக எழுந்து பேசியிருக்கிறது. ஹெட்போன் மாட்டாததால் அதைக் கேட்கத்தான் யாருமில்லை. இரண்டு நிமிஷம் அவள் சும்மா இருந்திருந்தால் அந்தக் குரலை நானே என் கையால் அழித்திருப்பேன்.

அவளோ வேலையில் இறங்கிவிட்டாள். தேதி 2019 என்று சொல்கிறதாம். இந்தத் தேதியில் கிரயப் பத்திரம் அடித்தால் கோவிந்தராஜ் ஐயா என்னைச் சும்மா விடுவாரா என்று சிரித்தாள். போர்டு மாற்றியதும் முதலில் பார்க்கவேண்டிய தேதியைப் பதற்றத்தில் மறந்திருக்கிறேன். கறுப்பு ஸ்கிரீனில் மவுஸை எங்கே நகர்த்துவது என்று நான் முழிப்பதற்குள் அவளே சரிசெய்துவிட்டாள்.

திங்கட்கிழமை வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். கோவிந்தராஜ் கடையில் ஒரே கும்பல். நடுவில் ஜெயசுதா அடித்துக்கொண்டே இருந்தாள். மண்டகப்பட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னா தம்பி, ஸ்கிரீன் செத்துப்போச்சா?" என்றார்.

"அது நல்லாத்தான் இருக்குது. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்.