அக்காவின் பெயர்ப்பலகை

டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவில் புதிதாகத் திறந்த மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சைத் துறை அமைக்க டாக்டர் சியோசாயா பட்ட பாடு, அவருடைய ஆபரேஷன் தியேட்டர் நர்ஸான எனக்குத்தான் தெரியும். விருந்துக்கு அறுத்த பன்றியின் தோலை வாங்கி வந்து மாணவர்களுக்குத் தையல் பழக்கினார். ‘துறைத் தலைவர்’ என்று தன் பெயரைத் தானே பலகையில் செதுக்கினார். இனி இரண்டு சர்ஜன்கள் சேர்ந்து ஆபரேஷன் செய்வதை, அனுமதி தர வரும் ஆய்வுக் குழு பார்த்தால் போதும். இல்லையென்றால் துறையே கிடையாது.

ஆக்லாந்திலிருந்த டாக்டர் எல். வேயாவைச் சான்றிதழ்களை மட்டும் பார்த்து வேலைக்கு எடுத்தார். வந்து இறங்கியது யார்? அவருடைய பெரியப்பா மகள் லவீனியா! கல்யாணத்தில் பெயர் மாறியிருக்கிறது, இந்த மனிதருக்குத் தெரியவில்லை. டோங்காவில் பெரியப்பா மகளும் கூடப்பிறந்தவள்தான். அக்காவும் தம்பியும் ஓர் அறையில் உட்காரவே கூடாது. உடம்பைப் பற்றிய பேச்சு அறவே கூடாது. அந்த அம்மா ஒரு கதவால் நுழைந்தால், இவர் மறு கதவால் ஓடினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆய்வை நினைத்துக் கவலையும் வந்தது.

ஆய்வு நாளில் தொடை இடுக்கில் குடலிறக்க ஆபரேஷன். வெளிநாட்டிலிருந்து வந்த குழுத் தலைவி, “இன்னொரு சர்ஜன் எங்கே?” என்றார்.

சியோசாயா என் காதருகே குனிந்தார். “கலோ, போயும் போயும் இந்த இடத்தைப் பத்தி அக்கா முன்னாடி எப்படிப் பேசுவேன்?”

“நீங்க ஏன் பேசணும்? என்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்றேன். நான் எதுக்கு இருக்கேன், சுவத்துல பல்லியா?”

“அக்காவுக்கு நான் உத்தரவு போட முடியாதே!”

“அப்ப அவங்க போடட்டும்.”

எங்கள் ஊரில் அக்கா சொல்லுக்குத் தம்பி மறுசொல் கிடையாது; அவர் நில் என்றால் ஒரே அறையிலும் நின்றாக வேண்டும். உத்தரவு போடுகிறவர்தானே தலைவர்? அந்தப் பலகை சியோசாயாவின் கண்முன் வந்திருக்கும்.

“வரச் சொல்லு. இனிமே அக்காதான் தலைவர்.”

லவீனியா வந்தார். இருவரும் நிமிரவே இல்லை. அக்கா என்னிடம் சொன்னார், நான் தம்பியிடம் சொன்னேன். மாணவர்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டார்கள்.

“ஒவ்வொன்னையும் திருப்பிச் சொல்லி என்ன அழகா பாடம் நடத்துறாங்க!” என்று குழுத் தலைவி மெச்சினார். அனுமதி கிடைத்தது.

மறுநாள் சியோசாயா தன் பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் அக்காவின் பெயரைச் செதுக்கி, லவீனியாவின் அறைக் கதவில் ஆணியடித்து மாட்டினார்.

“கலோ, நேரா இருக்கான்னு அக்காகிட்டக் கேளு.”

லவீனியா உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். “இடது பக்கம் கொஞ்சம் தூக்கச் சொல்லு. அப்படியே, இப்படி ஒரு தம்பி யாருக்கும் கிடைக்க மாட்டான்னும் சொல்லு.”

அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனிதர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.