மூணாங்காலுக்கு ஓர் எதிர்ப்பு மனு

பெற்ற மகன் மேலேயே நான் எதிர்ப்பு மனு போட்டேன். எங்கள் சுமைக்காரர் கூட்டத்தில் இதைப் பேசாத வாய் இல்லை.

"சொத்துக்கு அடிச்சுக்கற அப்பன் மகனைப் பார்த்திருக்கேன். முதுகுச் சட்டத்துக்கு அடிச்சுக்கறதை இப்பத்தான் பார்க்கறேன்" என்றான் கட்டையன். பல வருஷமாக என்னோடு மாடிப்படி ஏறுகிறவன். முதுகில் எதை ஏற்றினாலும் சுமப்பான், வாயில்தான் எதுவும் நிற்காது.

எங்களுக்கு வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. பீரோ, குளிர்பெட்டி, துணி துவைக்கும் மெஷின். லிப்ட் இல்லாத கட்டடத்தில் முதுகுச் சட்டத்தின் பட்டையைத் தோளில் மாட்டி, சாமானை அந்தச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறுவோம். நடுப்படியில் மூச்சு முட்டினாலும் இறக்க முடியாது. இறக்கினால் மறுபடி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். சுவரில் தோளைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நிற்போம், எங்களுக்கு ஓய்வு அவ்வளவுதான்.

என் மகள் பை தைக்கும் கம்பெனியில் பட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளைச் சின்னது என்றுதான் கூப்பிடுவோம். என் தோள் தழும்புக்கு எண்ணெய் தடவும்போது ஒருநாள், "நிக்கும்போதும் நீங்கதான் சுமக்கணுமாப்பா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு வரைய ஆரம்பித்தாள். முதுகுச் சட்டத்துக்கு அடியில் மடங்கிய ஓர் இரும்புக் கால், இடுப்புப் பக்கம் ஒரு கயிறு. இழுத்தால் கால் இறங்கிப் படியில் ஊன்றிக்கொள்ளும், பாரம் முழுக்க அதன் மேல் உட்காரும். சுமக்கிறவன் கையை வீசிக்கொண்டு நிற்கலாம். மறுபடி இழுத்தால் மடங்கிக்கொள்ளும். பட்டையை அவளே தைத்தாள். வெல்டிங் பட்டறையில் இருந்த என் மூத்த மகன், பெரியவன், அவள் வரைந்தபடி இரும்பை ஒட்டிக் கொடுத்தான். முதலில் செய்தது வளைந்துபோயிற்று. அடுத்ததும் வளைந்தது. எங்கே தப்பு என்று ஒவ்வொரு தடவையும் அவள்தான் கண்டுபிடித்தாள். மூணாங்கால் என்று பேர் வைத்தது கட்டையன்.

அதை நான் நாலைந்து வேலைக்கு மாட்டியிருப்பேன். அதற்குள் அவளுக்கு ரத்தத்தில் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எந்தக் கதவுக்குப் போவது என்று தெரியாமல் அங்கே அலைந்த அலைச்சலில்தான் நான் எழுத்துக் கற்றேன். எங்கள் சுமைக்காரர் சங்கத்தில் மாலை வகுப்பு நடந்தது. போவதைப் பெரியவனிடம் சொல்லவில்லை. அவள் மருந்து அட்டைகளை வைத்துத்தான் எழுத்துக் கூட்டிப் பழகினேன். நான் நன்றாகப் படிக்கத் தொடங்கியபோது படிக்க அட்டை இல்லை. அவள் போய்விட்டாள். மூணாங்காலை அதற்குப் பிறகு என்னால் தோளில் போட முடியவில்லை.

அவள் போன இரண்டாவது வருஷம் பெரியவன் அச்சடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாருங்கப்பா, நம்ம மூணாங்காலுக்குக் காப்புரிமை கேட்டுப் போட்ட விண்ணப்பம். தள்ளுவண்டி கம்பெனி ஒண்ணுக்கு வித்துட்டேன். அவங்க பேருக்கு மாத்தச் சொல்லியும் மனு போட்டாச்சு."

அவன் விரல் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் எழுத்தைப் படித்தேன். 'கண்டுபிடித்தவர்' என்ற கட்டத்தில் அவன் பேர் இருந்தது. மேலும் கீழும் தேடினேன்.

"சின்னது பேரு எங்கடா?"

நான் படிப்பேன் என்று அவன் நினைக்கவில்லை. தாளை மடித்தான்.

"கண்டுபிடிச்சவங்க கையெழுத்து வேணும்னாங்கப்பா. செத்தவங்க எப்படிப் போடுவாங்க?"

"அவளுக்காக நான் போட்டிருப்பேனே."

"உங்களுக்குக் கைநாட்டுதானேன்னு நினைச்சேன்." உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "இந்தத் தீக்காயமெல்லாம் யாருது? அவ வரைஞ்சா, நான் செஞ்சேன். என் பேரைப் போட்டது முழுப் பொய்யாப்பா?"

முழுப் பொய் இல்லைதான். அதனாலேயே என்னால் அதை விட முடியவில்லை.

மனு போடப் போகிறேன் என்றதும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தாச்சு. மிச்சம் இருக்கறதை வழக்குக்குக் கொடுக்கப் போறீங்களா?"

"எனக்குக் காசு வேணாம். அந்தக் கட்டத்துல அவ பேரு வரணும், அவ்வளவுதான்."

அவள் திரும்பப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். என் மனுவுக்கான அறிவிப்பு கையில் கிடைத்த நாளிலிருந்து பெரியவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. பட்டறையிலேயே படுத்துக்கொண்டான்.

சங்கத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் அனுப்பினார்கள். பொறுமையான மனுஷி. நான் எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை ஒவ்வொரு தாளுக்கும் காத்திருப்பார்.

"ஐயா, இது உங்க மகளோட யோசனை, உங்க மகன் தப்பா எடுத்துக்கிட்டார்னு காட்டணும். காட்டிட்டா, விண்ணப்பத்தையே உங்க பேருக்கு மாத்திக் கேக்கலாம். கண்டுபிடிச்சவங்கன்னு உங்க மகள் பேர் ஏறும். அவர் வித்ததும் செல்லாது. தனக்கு இல்லாததை எப்படி விப்பார்?"

"திருட்டுன்னு எழுத வேணாம்மா. என் புள்ளை."

"எழுதல. முறையில்லாம அடைஞ்சதுன்னு போடறேன்." பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார். "இன்னொண்ணு கேக்கணும். அவர் விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி, நாலு பேர் பார்க்க வெளியில இதை உபயோகிச்சீங்களா? அப்படின்னா அது ஊருக்கே தெரிஞ்ச பொருள். காப்புரிமை யாருக்கும் கிடையாது. கம்பெனிக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. விண்ணப்பமே விழுந்துடும், பேர் ஏற இடமே இருக்காது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பொய் சொல்லச் சொல்லல ஐயா. கம்பெனிக்காரங்க இதைக் கிளற மாட்டாங்க, கிளறினா அவங்களுக்கும் போச்சு. ஆனா காப்புரிமை அதிகாரி கேட்டாலும் கேக்கலாம்."

கட்டையனிடம் சொன்னேன். "நீ வெளிய மாட்டினதை யாருண்ணே பார்த்தா? எனக்குத்தான் கண்ணே தெரியாதே" என்றான். சொல்லிவிட்டு எதிரில் வந்த பெண்ணைப் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டான். மற்ற ஆட்களும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வெளியில் மாட்டவே இல்லை என்று சொல்லிவிட முடிவு செய்துகொண்டேன்.

காப்புரிமை அலுவலகத்தில் விசாரணை அறை குறுகலாக இருந்தது. நீள மேஜை, சுவரில் தண்ணீர் சொட்டும் குளிர் மெஷின், அதற்கு அடியில் ஒரு வாளி. அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். எதிர்ப்பக்கம் பெரியவன் கம்பெனி வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. மெலிந்திருந்தான். சாப்பிடுகிறானா என்று என்னை மீறி நினைத்தேன்.

கம்பெனி வக்கீல் பெயர் மாற்று மனுவை முதலில் எடுக்கச் சொன்னார். அதிகாரி மறுத்தார். "யாருக்குச் சொந்தம்னே தெரியல. யார் பேருக்கு மாத்தறது? எதிர்ப்பை முதல்ல கேக்கறேன்."

நான் சொன்னேன். எண்ணெய் தடவியது, வரைந்தது, வளைந்தது, எல்லாம். அதிகாரி பெரியவன் பக்கம் திரும்பினார். "படம் யார் வரைஞ்சது?"

வக்கீல் வாயைத் திறப்பதற்குள், "தங்கச்சிதான்" என்றான். வக்கீலம்மா மேஜைக்கு அடியில் என் கையைத் தட்டினார். நமக்கு நல்லபடி போகிறது என்று எனக்கே புரிந்தது.

அதிகாரி மறுபடி என் பக்கம் திரும்பினார். "செஞ்சதுக்கப்புறம் எங்கே உபயோகிச்சுப் பார்த்தீங்க?"

"வீட்டுக்குள்ளதான் சார். தண்ணி கேனைக் கட்டிப் பார்த்தோம்."

"வேலைக்கு எடுத்துட்டுப் போகலையா?"

"இல்ல சார்."

"அப்ப உங்க மகள், நீங்க இதைப் போட்டு மாடி ஏறினதைப் பார்க்கவே இல்லையா?"

இந்தக் கேள்வி இப்படி வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் சொன்னேன். "பார்க்கல சார். அதைப் பார்க்க அவளுக்குக் கொடுத்து வைக்கல."

"அப்பா."

பெரியவன் எழுந்து நின்றான். வக்கீல் அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"அப்படிச் சொல்லாதீங்கப்பா. வேற எது வேணாலும் சொல்லுங்க." அதிகாரியைப் பார்த்தான். "பார்த்தா சார். நான்தான் கூட்டிட்டுப் போனேன். அவளால நிக்க முடியல, எதிர்க் கடையில நாற்காலி வாங்கி நடைபாதையில போட்டேன். தெருவைப் பார்த்த படிக்கட்டு அது. அப்பா மெஷினோட மூணாவது மாடி ஏறி, கயித்தை இழுத்துட்டு, ரெண்டு கையையும் தூக்கி அவளைப் பார்த்து ஆட்டினாரு. அவ சிரிச்சா சார். மறுநாள் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அதுக்கப்புறம் அவ அப்படிச் சிரிக்கவே இல்ல."

அதிகாரி நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"தெருவுல வேற யாரும் பார்த்தாங்களா?" அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார்.

"தெருவே நின்னு பார்த்துச்சு. கை தட்டினாங்க."

"தம்பி, இதை எழுதினா உங்க விண்ணப்பம் நிக்காது. தெரியுமா?"

"எழுதுங்க சார்."

அதிகாரி என்னிடம் கேட்டார். "உங்க மகன் சொல்றது உண்மையா?"

இன்னும் ஒரு தடவை இல்லை என்று சொல்ல இடம் இருந்தது. சொன்னால் அவள் பேர் ஏறியிருக்கலாம். பெரியவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உண்மைதான் சார்" என்றேன்.

வக்கீலம்மா கோப்பை மூடினார். அதிகாரி எழுத ஆரம்பித்தார். விண்ணப்பம் தள்ளுபடியாகும், பெயர் மாற்று மனு, எதிர்ப்பு மனு இரண்டுக்கும் இனி வேலை இல்லை, யார் வேண்டுமானாலும் இந்தப் பொருளைச் செய்து விற்கலாம் என்று எழுதுவதைச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

வெளியே தாழ்வாரத்தில் கம்பெனி வக்கீல் பெரியவனைப் பார்த்து, "சொந்தக் கூரையில நீயே கொள்ளி வச்சுட்ட" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். வக்கீலம்மா என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். நானும் அவனும் மட்டும் பெஞ்சில் இருந்தோம்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"அவ பேருக்காகத்தான்டா."

"தெரியும்ப்பா. ஆனா அந்த ஒரு நாள்தானே அவளுக்கு இருந்துச்சு."

அவன் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். "பேரு போட்டாங்களா?"

"இல்ல."

"இவன் பேரு?"

"அதுவும் இல்ல."

கதவை அகலத் திறந்துவிட்டாள். பிறகு அவனைப் பார்த்து, "கை கால் கழுவிட்டு வா. கன்னம் ஒட்டிப் போச்சு" என்றாள்.

நானும் அவனும் சாப்பிட்டு முடித்தோம். அவன் தட்டை எடுக்கப் போனபோது நான் கேட்டேன்.

"அன்னைக்கு நான் கையை ஆட்டினப்ப அவ உன்னைப் பார்த்து என்னமோ சொன்னாளே. மூணாவது மாடியில இருந்ததால எனக்குக் கேக்கல. என்னடா சொன்னா?"

அவன் அம்மாவும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினாள். அவன் எச்சில் கையோடு வெகுநேரம் யோசித்தான்.

"சிரிச்சது ஞாபகம் இருக்குப்பா. என் கையைப் பிடிச்சு இழுத்தது ஞாபகம் இருக்கு." தலையை ஆட்டினான். "சொன்னது வரல."

"நல்லா யோசிச்சுப் பாரு" என்றாள் அவன் அம்மா.

"வரலம்மா."